வாசகர் கேள்வி: ஆசிரியர் அறையில் இரண்டு கட்சி

கேள்வி: வடசென்னையில் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை நான். கணிதப் பட்டதாரி ஆசிரியை ஒருவரும் இயற்பியல் முதுகலை ஆசிரியர் ஒருவரும் ஆறு மாதமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்க்கச் சொன்னபோது, ‘எனக்கு மட்டும் ஏன் எப்போதும் சப்ஸ்டிடியூஷன்?’ என்று ஆசிரியை கேட்டதில் தொடங்கியது, இன்று ஆசிரியர் அறையே இரண்டு கட்சியாகிவிட்டது. இருவருக்கும் மெமோ கொடுத்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள், அம்மா. உங்களைப் போன்ற பள்ளிகளில் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் பள்ளிக்குழுவுடையது. விவகாரம் அந்தக் குழுவின் செயலர் மேசைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், பிறகு கடிவாளம் உங்கள் கையில் இருக்காது.

முதலில் சப்ஸ்டிடியூஷன் பதிவேட்டை எடுத்து, ஜூன் முதல் யாருக்கு எத்தனை பாடவேளை போயிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிளஸ் டூ எடுக்கும் முதுகலை ஆசிரியரைத் தொடக்கூடாது என்ற எழுதாத சட்டம் ஒன்று இருந்தால், பட்டதாரி ஆசிரியர்களின் ஓய்வு வேளைகள்தாம் திரும்பத் திரும்பப் பறிபோகும். நான் அட்டவணை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஓயாமல் குறைப்பட்டுக்கொண்ட ஆசிரியை ஒருவரை வாயாடி என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் பதிவேட்டைப் புரட்டியபோது, ஒரே பக்கத்தில் அவருடைய இனிஷியல் ஏழு இடத்தில் இருந்தது. முனகினாலும் வகுப்புக்குப் போய்விடுபவர் அவர் என்பதால் என் கை தானாக அவர் பெயரையே எழுதியிருக்கிறது.

எண்ணிக்கை கையில் வந்ததும், பள்ளி கலைந்த பிறகு இருவரையும் தனித்தனியே அழைத்து, குறுக்கிடாமல் கேளுங்கள். ஆசிரியர் கூட்டத்தில் ‘இங்கே சிலர்’ என்று தொடங்கிவிடாதீர்கள். அந்தச் சிலர் யாரென்று அட்டெண்டருக்குக்கூடத் தெரியும். அடுத்து இருவரையும் ஒன்றாக அமரவைத்து, பதிவேட்டை நடுவில் திறந்து வையுங்கள். மன்னிப்புப் படலம் வேண்டாம். அடுத்த மாதம் முதல் சுழற்சி எப்படி, பொதுத்தேர்வு வகுப்புகளுக்கு விலக்கு எந்த அளவு என்பதை மட்டும் முடிவு செய்து, எழுதி, சுவரில் ஒட்டுங்கள். உதவித் தலைமையாசிரியர் ஒரு பக்கம் சாய்கிறார் என்று பேச்சு இருந்தால், சப்ஸ்டிடியூஷன் சீட்டு எழுதும் வேலையைச் சில வாரம் நீங்களே பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தனியே பேசும்போது பாலியல் தொல்லை என்ற சொல் வந்தால், உங்கள் அறையில் வைத்துச் சமரசம் பேசாதீர்கள். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் இடத்தில், இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். பொதுவாகச் சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் அந்தக் குழுவிடம் எழுத்தில் புகார் தர வேண்டும், 90 நாளுக்குள் விசாரணை முடிய வேண்டும்.

சுழற்சி வந்த பிறகும் இருவரும் பேசாமல் இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும். சீட்டு வந்தும் ஒருவர் வகுப்புக்குப் போகவில்லையென்றால் அப்போது மெமோ கொடுங்கள், அவருக்கு மட்டும், அந்த ஒரு பாடவேளைக்கு மட்டும்.