வலிக்கு எத்தனை பெயர்?

அன்புள்ள அக்கா,

நான் இங்கே சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் 11 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். என் வார்டில் முற்றிய புற்றுநோயோடு வருகிறவர்கள் அதிகம். அவர்களுக்குச் சரியாகத்தான் செய்கிறோமா என்று கொஞ்ச நாளாகவே ஓர் உறுத்தல். பேலியேட்டிவ் கேர், அதாவது குணமாகாத நோயில் வலியையும் வேதனையையும் தணிக்கும் கவனிப்பு, அதை முறையாகப் படிக்க ஆசை. ஆனால் ஷிஃப்ட் வேலை, 5 வயதுப் பையன் வேறு. வகுப்பில் போய் உட்கார வழியில்லை. தொலைதூரக் கல்வியில் சேரட்டுமா என்றால், "சாகக் கிடக்கிறவங்களைக் கவனிக்கிறதை லேப்டாப்ல எப்படிப் படிப்பே?" என்று என் கணவர் சிரிக்கிறார். உங்கள் அம்மாவின் கடைசி மாதங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததால் உங்களிடம் கேட்கிறேன். படிக்கலாமா?

ர. (முழுப்பெயர் வேண்டாம் அக்கா)

அன்புள்ள ர.,

படியுங்கள். உங்கள் கணவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் நோயாளிகள் ஏற்கெனவே உங்கள் வார்டில் இருக்கிறார்கள். தூரத்தில் இருப்பது பாடம் மட்டும்தான். ராத்திரி படித்ததைக் காலை ஷிஃப்டில் கட்டில் பக்கத்தில் நின்று சரிபார்க்கலாம். வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படிக்கிறவருக்கு அது கிடைக்காது.

இது கோவிட் காலத்து ஜூம் வழக்கமும் இல்லை. வேல்ஸில் இலோரா ஃபின்லே என்ற மருத்துவர் 1989இலேயே கார்டிஃபில் பேலியேட்டிவ் மருத்துவத்துக்குத் தொலைதூரப் படிப்பைத் தொடங்கிவிட்டார். அதே வருடம்தான் சிங்கப்பூரில் கடைசிக்கால நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் எச்சிஏ அமைப்பும் பதிவானது. அதற்கு முன்னால் இங்கே தொடக்கம் என்றால், 1985இல் ஜூரோங்கில் செயின்ட் ஜோசப்ஸ் இல்லத்தில் இப்படிப்பட்ட நோயாளிகளுக்காகக் கன்னியாஸ்திரிகள் ஒதுக்கிய 16 கட்டில்கள்.

நான் மருத்துவத் துறைக்காரி இல்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், அவ்வளவுதான். அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

அம்மாவுக்குக் கணையத்தில் புற்று. வார்டில் இருந்தபோது தினமும் பலமுறை கேட்பார்கள்: "ஆன்ட்டி, பெயின் ஸ்கோர்? ஸீரோ டு டென்?" அம்மா "ஸீரோ" என்பாள். அட்டவணையில் வரிசையாகப் பூஜ்யம். நானும் நம்பினேன். அம்மாவின் அகராதியில் வலி என்றால் பிரசவ வலி. நாலு பெற்றவள். அதற்குக் குறைந்த எதையும் அவள் வலி என்று சொன்னதே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு, ஈசூனில் எங்கள் வீட்டுக்கு ஹோம் ஹாஸ்பிஸ் நர்ஸ் ஒருவர், கடைசிக்கால நோயாளிகளை வீட்டிலேயே கவனிக்கிறவர், வந்தார். மலேசியத் தமிழ்ப் பெண். அவர் ஸ்கோரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "ராத்திரி எப்படிம்மா படுக்குறீங்க?" என்றார். அம்மா சாப்பாட்டு மேசையைக் காட்டினாள். ஒரு வாரமாக நாற்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் தலையணையை வைத்துக் குப்புறச் சாய்ந்துதான் தூங்கியிருக்கிறாள். எனக்கே தெரியாது. "குத்துதா, குடையுதா, எரியுதா?" என்று கேட்டார் அவர். அம்மா கொஞ்சம் யோசித்தாள். "குடையுது மிஸ்ஸி. நெஞ்சுக்குழியில ஆரம்பிச்சு முதுகுக்கு இழுக்குது. மல்லாந்தா உயிர் போவுது." கணையப் புற்றின் வலி பல பேருக்கு அப்படித்தானாம், முதுகுக்குப் பாயும், முன்னால் குனிந்தால் கொஞ்சம் அடங்கும். அவர் அங்கேயே மருத்துவருக்குப் போன் போட்டார். மார்ஃபின் சிரப் அளவு மாறியது. மூன்றாம் நாள் அம்மா கட்டிலில் தூங்கினாள்.

எங்கே படித்தீர்கள் என்று பிறகு அவரைக் கேட்டேன். ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் ஒன்றில், வீட்டிலிருந்தபடியே, பிள்ளைகள் தூங்கிய பிறகு என்றார். இதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் பாடத்தில் விசரல் (உள்ளுறுப்பு வலி), நியூரோபதிக் (நரம்பு வலி) என்றெல்லாம் வரும். பக்க ஓரத்தில் ஊர்ச் சொற்களை எழுதிக்கொண்டே போங்கள். எரியுது, மதமதங்குது, சுருக்சுருக்குனு கரண்ட் அடிக்குது என்று ஒரு தாத்தா சொன்னால், நரம்பு சம்பந்தப்பட்ட வலியா என்று பார்க்க வேண்டும். மார்ஃபின் மட்டும் போதாமல் வேறு மருந்தும் சேர்க்க வேண்டி வரலாம். அந்தத் தாத்தாவுக்கு நியூரோபதிக் என்ற சொல் தெரியாது. உங்கள் பேராசிரியருக்கு மதமதப்பு தெரியாது. இரண்டும் தெரிந்த ஆள் அந்த வார்டில் நீங்கள்தான்.

சிஸிலி சாண்டர்ஸ் பெயர் முதல் பாடத்திலேயே வந்துவிடும். அவரும் நர்ஸாகத் தொடங்கியவர்தான். முதுகு ஒத்துழைக்காததால் மருத்துவமனை சமூகப் பணிக்குப் போய், அப்புறம் மருத்துவமே படித்து, 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். வலி தாங்க முடியாமல் போகும்வரை காத்திருக்காமல் மணிக்கணக்குப்படி மார்ஃபின் கொடுக்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றவர். உடம்பு, மனசு, குடும்பம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்ததுதான் ஒருவரின் வலி என்றும் சொன்னார். படிக்கும்போது இது அலங்காரப் பேச்சு மாதிரி இருந்தது எனக்கு. ஆனால் குடைச்சல் அடங்கிய வாரம்தான் அம்மா, 20 வருடமாகப் பேசாத சித்தியின் நம்பரைக் கேட்டாள்.

மார்ஃபினைப் பற்றி நம் ஆட்களிடம் நிறையப் பேச வேண்டியிருக்கும். "மார்ஃபின் ஆரம்பிச்சா முடிஞ்சுது" என்று என் அண்ணனே பாட்டிலை அலமாரியில் ஒளித்து வைத்தான். கூடவே மலமிளக்கி கொடுக்கவில்லை என்றால் மலச்சிக்கல் வந்து, அந்தப் பழியும் மார்ஃபின்மேல்தான் விழும்.

கெட்ட செய்தி சொல்வதற்கு ஸ்பைக்ஸ் என்று ஆறு படி சொல்லித் தருவார்கள். அதில், நோயாளிக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்று கேட்கும் படியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நர்ஸைக் காரிடாருக்குக் கூட்டிப் போய், "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மிஸ்ஸி" என்று அண்ணன் கெஞ்சினான். உள்ளே அம்மா என்னிடம், "பெரியவன்கிட்ட சொல்லாதே, தாங்க மாட்டான்" என்றாள். இரண்டு பேருக்கும் தெரியும். நடுவில் நான்.

காசு கட்டும் முன் சில விஷயங்கள். உங்கள் நர்சிங் மேனேஜரிடமும் தாதியர் வாரியத்திடமும் அந்தத் தகுதிக்கு இங்கே என்ன மதிப்பு என்று கேட்டுவிடுங்கள். நேரடிப் பயிற்சி உண்டா, அதை எங்கே செய்வது என்பதையும். பிரிட்டனில் மாலை 7 மணி வகுப்பு என்றால் நமக்கு விடிகாலை 2 அல்லது 3. நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு அதைத் தாங்க முடியாது. ஆஸ்திரேலியா அந்த வகையில் சுலபம். பயமாக இருந்தால் முதலில் சின்னதாக ஒன்று படித்துப் பாருங்கள். மருத்துவர் ராஜகோபால் 2003இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய பேலியம் இந்தியா என்ற அமைப்பு இணையவழியில் வகுப்புகள் நடத்துகிறது. அவர்கள் சொல்லும் குடும்பங்கள் நம் குடும்பங்கள் மாதிரியே இருக்கும்.

வேலை கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, கணவர் கேட்பார். மருத்துவமனையில் நிகழும் மரணங்களை 61 சதவீதத்திலிருந்து 2027க்குள் 51க்குக் குறைப்போம் என்று சுகாதார அமைச்சு 2023இல் சொல்லியிருக்கிறது. வீட்டில் சாக விரும்புகிறவர்களைப் பார்க்க யாராவது லிஃப்ட் ஏறிப் போக வேண்டுமே.

ஒரு சந்தேகம். புதுக்கோட்டைப் பக்கம் 'கடுகடுப்பு' என்பதைக் காதுக்கு மட்டும் சொல்வீர்களா, காலுக்கும் சொல்வீர்களா? அம்மா இரண்டுக்கும் சொல்வாள். எழுதுங்கள்.