கல்லடியில் ஒரு ரோசாச் சங்கம்: எதில் தொடங்குவது?

கேள்வி: மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் ஒழுங்கையிலும் பக்கத்து ஒழுங்கையிலுமாகப் பதினைந்து வீடுகளில் ரோசா வளர்க்கிறோம். நுவரெலியா போய்வரும்போது வாங்கிவரும் கன்றுகள் முதல் பூவோடு சரி. ஆனி, ஆடிக் கச்சான் காற்றில் இலை கருகிக் காய்ந்துவிடுகின்றன. எல்லோரும் சேர்ந்து ஒரு ரோசாச் சங்கம் தொடங்கலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. கூடித் தேத்தண்ணி குடித்துக் கலைவதாக அது முடிந்துவிடக் கூடாது. சங்கம் என்றால் என்னென்ன செய்ய வேண்டும்? கண்காட்சி வைக்கலாமா? முதலில் எந்த இனம் வாங்கலாம்?

பதில்: தாராளமாகத் தொடங்குங்கள். பதினைந்து வீடு நல்ல அளவு. ஆனால் கண்காட்சியையும் கன்று வாங்குவதையும் கொஞ்சம் தள்ளிவையுங்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கும் ஊரில் ரோசாச் சங்கத்துக்கு முதல் வேலை, அந்த மணலிலும் அந்தத் தண்ணீரிலும் வேர்விட்ட கன்றுகளைத் தானே உண்டாக்குவது. இதை விட்டுவிட்டு வேறு எதைச் செய்தாலும் வருடா வருடம் மலைநாட்டுக் கன்றை வாங்கி வருடா வருடம் இழந்துகொண்டே இருப்பீர்கள்.

நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சராசரி வெப்பம் 16 பாகையை ஒட்டியது; மண்ணோ தேயிலைக்கு ஏற்ற அமில மண். அங்கே வளர்ந்த கன்றை 30 பாகைக்கு மேல் காயும் கடற்கரை மணலில், சிப்பித் தூள் கலந்த வளவில் வைக்கிறோம். அமில மண்ணுக்குப் பழகிய ஒட்டுவேர் (நல்ல ரோசாவை ஒட்டியிருக்கும் வேறொரு ரோசாவின் வேர்) இங்கே இரும்புச் சத்தை எடுக்கத் திணறும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது அதனால்தான். இன்னொரு விஷயமும் நடக்கிறது. மேலே ஒட்டிய நல்ல ரோசா கோடையில் செத்துவிட, அடியிலிருந்து ஒட்டுக்கட்டையின் தளிர் கொழுகொழுவென்று எழும்பும். “மரம் தளிர்த்துவிட்டது” என்று வீட்டில் சந்தோசப்படுவோம். பிறகு அது பூப்பதேயில்லை, அல்லது சின்னச் சின்ன வெள்ளைப் பூவாகக் கொத்தாகப் பூக்கிறது. உங்கள் பதினைந்து வீட்டிலும் இப்படி எத்தனை மரம் நிற்கிறது என்று ஒரு சுற்றுப் பாருங்கள். மண்ணைக் கொஞ்சம் விலக்கி, தளிர் ஒட்டுக்குக் கீழேயிருந்து வருகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஒட்டின் மேலே உயிர் இருந்தால், கீழ்த்தளிரைக் கத்தியால் வெட்டாமல் பிறந்த இடத்தோடு பிய்த்து எடுங்கள்.

முதல் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவரட்டும்: ரோசாவுக்கு ஊற்றும் அதே தண்ணீர். சங்கப் பணத்தில் வாங்க வேண்டிய முதல் பொருள் பேனை அளவில் வரும் மின்கடத்துதிறன் மானி. அது தண்ணீரிலுள்ள உப்பைக் காட்டும். ரோசா உப்புக்கு மிகவும் பயந்த செடி. மானி காட்டுவது மீற்றருக்கு 1 டெசிசீமன்ஸுக்குக் (dS/m) கீழே என்றால் கவலையில்லை. 2-ஐத் தாண்டினால் வேறு தண்ணீர் தேட வேண்டும். தையில் மழை விட்டதும் ஒரு தடவை, புரட்டாதியில் கோடை முடியும் தறுவாயில் ஒரு தடவை என்று இரண்டு முறை அளந்து பாருங்கள். தையில் நல்ல தண்ணீராக இருக்கும் கிணறு புரட்டாதியில் உவர்த்துவிடக்கூடும். முதிர்ந்த இலைகளின் ஓரம் பழுப்பாகக் கருகி வருவதைப் பலர் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து, அதே உப்புத் தண்ணீரை இன்னும் ஊற்றுகிறார்கள். உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் இருக்கிற வீடுகள் கோடை மூன்று மாதமாவது ரோசாவுக்கு அதையே கொடுக்கட்டும். கிணறு மட்டும்தான் என்றால், தினமும் ஒரு கோப்பை தெளிக்காமல் இரண்டு நாளுக்கு ஒருமுறை சாடியின் அடித்துளையால் ஓடும்வரை நிறைய ஊற்றுங்கள். அப்போதுதான் தேங்கிய உப்புக் கழுவுப்படும்.

மண் கலவையையும் சேர்ந்தே செய்யுங்கள், செலவு குறையும். வாவிக்கு அக்கரையில், படுவான்கரைப் பக்கம் யாருக்காவது சொந்தபந்தம் இருக்கும். ஒரு லான்ட்மாஸ்டர் பெட்டி மாட்டெருவும் கொஞ்சம் வயல் மண்ணும் இறக்கினால் எல்லா வீட்டுக்கும் போதும். எரு மணம் போய், கையில் பொருபொருவென்று உதிரும்வரை இரண்டு மூன்று மாதம் ஆறவேண்டும். அத்தோடு உமிக்கரி. நெல் ஆலை அருகே கேட்டால் உமி கிடைக்கும். கறுப்பாகக் கரியும்போதே தண்ணீர் தெளித்து அணைத்துவிடுங்கள். வெள்ளைச் சாம்பலாகிவிட்டால் அது காரம், நம் மணலுக்குக் கூடவே கூடாது. தும்புச்சோறு போடுவதானால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் போடுங்கள், உவர்நீரில் ஊறிய மட்டையில் இருந்து வந்ததென்றால் அதிலும் உப்பு இருக்கும்.

இனி வருடத்தின் பெரிய நாளுக்கு வருவோம். புத்தகங்களில் கத்தரிக்கும் காலம் குளிர் நாட்டுக் கணக்கில் இருக்கும். நமக்குக் கணக்கு மாரிதான். மழை விட்டு வெயில் ஏறுவதற்கு முன்னால், தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில், ஒரு வீட்டு வளவில் எல்லோரும் கூடுங்கள். கத்தரிப்பு நாளும், கிளையை நட்டு வேர்விடச் செய்யும் பதிவைக்கும் நாளும் ஒன்றாகவே இருக்கட்டும். வெட்டி எறிகிற கிளைதான் நாளைய கன்று.

வெட்டுவதில் ஒரு பங்கு துணிச்சலும் ஒரு பங்கு நிதானமும் வேண்டும். காய்ந்தது, கறுத்தது, ஒன்றோடொன்று உரசுவது எல்லாம் முதலில் போகட்டும். மீதியில் பாதி உயரத்தை விட்டுவிடுங்கள். குளிர் நாடுகளில் போல முழங்காலுக்குக் கீழே ஒட்ட வெட்டினால் நம் வெயிலில் மரம் மீண்டு வருவது சிரமம். வெளிப்பக்கம் பார்க்கும் மொட்டுக்கு மேலே, சாய்வாக வெட்டுங்கள்.

பதிவைக்க எடுப்பது பூத்து முடிந்த, பென்சில் தடிப்புக் கிளை. அது பதமா என்று பார்க்க நல்ல வழி முள்தான். முள்ளைப் பக்கவாட்டில் தள்ளினால் ‘டக்’ என்று சுத்தமாக விழவேண்டும். வளைந்து தோலோடு உரிந்தால் கிளை இன்னும் பிஞ்சு. அசையவே மறுத்தால் முற்றிவிட்டது. ஒரு சாண் நீளம், நான்கு கணுவாவது இருக்கவேண்டும். அடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். கழுவிய ஆற்று மணலும் உமிக்கரியும் பாதிக்குப் பாதி. அதில் இரண்டு கணு புதைய நட்டு, அடி வெட்டிய தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்து மூடி, மாமர நிழலில் வையுங்கள். பசளை எதுவும் போடாதீர்கள். இரண்டு கிழமையில் தளிர் வரும். அதை நம்பிப் பிடுங்கி நடுவதுதான் பலரும் கன்றைக் கொல்லும் இடம். அந்தத் தளிர் கிளையில் இருந்த சேமிப்பில் வந்தது, வேரில் இருந்து வந்ததல்ல. ஐந்தாறு கிழமை கழித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். பிடித்து நின்றால் வேர் இருக்கிறது. அப்போது போத்தல் மூடியை முதலில் திறந்துவிட்டு, சில நாள் கழித்துப் போத்தலையே எடுங்கள்.

எல்லாம் பிடிக்காது. பெரிய ஒற்றைப் பூவாகப் பூக்கும் ஹைபிரிட் டீ வகைகள் பல சொந்த வேரில் நலிவாகவே இருக்கும். கொத்தாகப் பூக்கும் ஃபுளோரிபண்டா, குட்டி ரோசா, பழைய சீன ரோசா வழி வந்தவை நன்றாகப் பிடிக்கும். அதனால் சங்கம் செய்ய வேண்டிய இன்னொரு வேலை, ஊரைச் சுற்றித் தேடுவது. பழைய வளவுகள், தேவாலய முற்றங்கள், யாரும் கவனிக்காத வேலி ஓரங்கள். அங்கே பல வருடக் கோடையைக் கடந்து ஒரு ரோசா இன்னும் பூத்துக்கொண்டிருந்தால் கடற்கரைப் பரீட்சையை அது ஏற்கெனவே எழுதித் தேறிவிட்டது. பெயர் தெரியவில்லையா? கவலை வேண்டாம், வீட்டுக்காரரிடம் கேட்டு நான்கு கிளை எடுத்து வாருங்கள். ஒரு கொப்பியில் எங்கே எடுத்தது, எந்தத் திகதி நட்டது, யார் வீட்டில் வளர்கிறது, கச்சானைத் தாண்டியதா என்று எழுதி வையுங்கள். இந்தக் கொப்பிதான் சங்கத்தின் உண்மையான சொத்து. சில வருடத்தில் உங்கள் ஊருக்கு எந்த ரோசா சரி என்பதற்கு இதைவிட நல்ல புத்தகம் கிடைக்காது.

கச்சான் காலத்தில் கூட்டமாக நடத்த ஒன்றுமில்லை, பார்த்துக்கொள்வதுதான் வேலை. மலையின் மறுபக்கம் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடாகி இறங்கும் காற்று அது. மேற்குப் பக்கம் கிடுகோ நிழல்வலையோ கட்டுங்கள். சாடியைக் கல்லின் மேல் தூக்கி வைத்து, மண்ணுக்கு வைக்கோல் மூடாக்கு போடுங்கள். மொட்டு வந்தால் கிள்ளிவிடுங்கள். அந்த மூன்று மாதம் மரம் பிழைப்பதே பெரிது. இலை மங்கி, அடியில் தூசிபோல் ஏதோ ஊர்ந்தால் அது சிற்றுண்ணி. காலையில் இலையின் அடிப்பக்கத்தில் வேகமாகத் தண்ணீர் அடித்தாலே பெரும்பாலும் அடங்கும். கண்ட பூச்சிமருந்தையும் அடித்தால் சிற்றுண்ணியைத் தின்னும் பூச்சிகள் சாகும், சிற்றுண்ணி பெருகும்.

மாரியில் எதிரி வேறு: கரும்புள்ளி நோய். இலை ஏழு மணி நேரம் போல் நனைந்தபடி இருந்தால் பூஞ்சணம் உள்ளே போய்விடும். விழுந்த இலையைப் பொறுக்கி எரியுங்கள், சாடிகளை நெருக்கி வைக்காதீர்கள். மருந்து தேவைப்பட்டால் கடைக்காரர் சொல்வதை வாங்காமல், உங்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

ஒரு சின்னப் பழக்கத்தையும் சங்கம் மாற்றவேண்டும். சாமிக்குப் பூப் பறிக்கும்போது கழுத்தோடு கிள்ளுகிறோம். மீந்த மெல்லிய காம்பிலிருந்து வரும் அடுத்த தளிரும் மெலிந்தே வரும். ஐந்து சிற்றிலை உள்ள முதல் நல்ல இலைவரை இறங்கி, அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள். பூவை மட்டும் படத்துக்கு வையுங்கள். மரம் அடுத்த பூவைத் தடித்த காம்பில் தரும்.

சரி, கண்காட்சி. கட்டாயம் வையுங்கள், ஆனால் இரண்டாம் வருடம். இங்கிலாந்தில் முதலாவது தேசிய ரோசாக் கண்காட்சி 1858இல் நடந்தது. அங்கே தேசிய சங்கம் பிறந்தது 1876இல்தான். அவர்கள் கண்காட்சியிலிருந்து சங்கத்துக்கு வந்தார்கள். குளிரும் மழையும் அவர்களுக்குக் கைகொடுத்தன, நமக்கு அப்படியில்லை. அமெரிக்க ரோசாச் சங்கத்திடம் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம், அனுபவமுள்ள உறுப்பினர்களை ஆலோசகர்களாக அறிவித்து, ஊரில் யார் கேட்டாலும் இலவசமாகப் போய்ப் பார்த்துச் சொல்ல வைப்பது. நீங்களும் இரண்டு பேரைப் பொறுப்பாக்குங்கள். ஆரையம்பதியிலிருந்தோ காத்தான்குடியிலிருந்தோ ஒருவர் காய்ந்த கிளையோடு வந்து நின்றால், பதில் சொல்ல ஆள் வேண்டும்.

தைப்பூசத்தை ஒட்டிக் கத்தரித்தால் ஆறேழு கிழமையில் பூ வரும், ஆகவே கண்காட்சி மார்ச் நடுப்பகுதியில். நோன்பு காலம் எப்போது வருகிறது என்று முதலே பார்த்துத் திகதி குறியுங்கள், எல்லோரும் வரவேண்டும். மாதக் கூட்டத்துக்குப் போயா (பௌர்ணமி) விடுமுறைக் காலை வசதி. போயா ஞாயிறிலோ வெள்ளியிலோ விழாத மாதங்களில், தேவாலயம், பள்ளிவாசல் என்று யாரும் ஒதுங்க நேராது. அமெரிக்கச் சங்கத்தின் புள்ளி முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: வடிவத்துக்கு 25, நிறத்துக்கு 20, காம்புக்கும் இலைக்கும் 20, இதழின் திடத்துக்கு 15, சமநிலைக்கு 10, அளவுக்கு 10. முழுதாக விரிந்த பூவுக்கு அல்ல, பாதிக்கு மேல் முக்கால்வரை விரிந்த பூவுக்குத்தான் பரிசு. விடியுமுன் வெட்டி, கழுத்துவரை தண்ணீரில் நிறுத்தி, ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பகலுக்குள் முடித்துவிடுங்கள். நம் வெயிலில் பின்னேரம்வரை பூ நிற்காது. பெரிய பரிசு மட்டும் வெட்டுப்பூவுக்குப் போகவேண்டாம்: சங்கத்தில் பதிவைத்து வளர்ந்த கன்றில், சாடியோடு கொண்டுவந்து காட்டும் மரத்துக்குப் போகட்டும்.

தலைவர், செயலாளர், பொருளாளர், மாதம் ஒரு சிறு சந்தா: தொடங்க இவ்வளவு போதும். வங்கிக் கணக்கோ பொது மண்டபமோ தேவைப்படும்போது யாப்பு எழுதி, பதிவு பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

எந்த இனம் வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். இந்த வருடம் வாங்காமல் இருப்பதே நல்லது. ஆசை விடவில்லையென்றால், கொத்தாகப் பூக்கும் வகையில் ஒரு கன்றை எல்லோருமாக வாங்குங்கள், மார்கழி தையில் மட்டும். இரண்டு கிழமை நிழலில் வைத்து, பிறகு காலை வெயில் விழும் இடத்துக்கு மாற்றுங்கள். வாங்கிய அன்றே பூவையும் மொட்டையும் வெட்டிவிடுங்கள். அது நன்றாகத் தழைத்ததும் பதிவைக்க எத்தனை கிளை கிடைக்கும் என்று பார்த்து, யார் யாருக்கு எது என்று கொப்பியில் முதலே எழுதிக்கொள்ளுங்கள்.