வலி இல்லையே, அப்புறம் எதற்குப் பல் மருத்துவர்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகள் பலவற்றுக்கு அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது: வலிக்காத பல் நல்ல பல். பல் விஷயத்தில் இந்த நம்பிக்கை அளவுக்கு ஆளைக் கெடுப்பது வேறில்லை. அதனால் அந்தக் கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கடைவாய்ப் பல்லில் சொத்தை இருக்கிறது, அடைத்துவிடலாம் என்றார் மருத்துவர். ஒரு வருடமாக வலியே இல்லை. வலித்தால் பார்த்துக்கொள்ளலாமா?

தயவுசெய்து காத்திருக்காதீர்கள். பல்லின் மேலோடான எனாமல்தான் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் அதில் நரம்பு கிடையாது. அது அரிக்கப்படும்போது உங்களுக்குத் தெரிய வழியே இல்லை.

வாயிலுள்ள கிருமிகள் நாம் சாப்பிடும் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. பல்லின் மேற்பரப்பில் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம் என்று பொருள்) 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து தாதுக்கள் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி நேரமாவது வேண்டும். சிலருக்கு இன்னும் அதிகம். அதற்குள் மறுபடியும் இனிப்பு வாய்க்குள் போனால் பல்லுக்கு ஓய்வே இல்லை. ஆகவே எவ்வளவு இனிப்பு சாப்பிட்டீர்கள் என்பதோடு, ஒரு நாளில் எத்தனை தடவை என்பதும் முக்கியம்.

ஆரம்பத்தில் பல்லில் மங்கலான வெள்ளைத் திட்டு மட்டும்தான் தெரியும். அந்தக் கட்டத்தில் ஃப்ளோரைடும் நல்ல துலக்கலும் இருந்தால் அரிப்பை நிறுத்தலாம், ஓரளவு திருப்பவும் செய்யலாம். குழி விழுந்த பிறகு அது தானாக மூடாது. எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் மென்மையானது, அங்கே சொத்தை வேகமாகப் பரவும். மேலே ஊசிமுனை அளவு கறுப்புதான் தெரியும், உள்ளே பெரிய பள்ளம் இருக்கும். இன்று அடைத்தால் பெரும்பாலும் ஒரே அமர்வில் வேலை முடிந்துவிடும். நரம்பை எட்டிவிட்டால் வேர் சிகிச்சை, அதன்மேல் கேப். அதையும் தள்ளிப்போட்டால் பல்லைப் பிடுங்க நேரலாம். பிடுங்கிய இடத்தைச் சும்மா விட்டால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப் பல் மெல்ல இறங்கி வரும்.

பத்து நாள் தூங்கவிடாமல் வலித்த பல், இப்போது தானாகவே சரியாகிவிட்டது. விட்டுவிடலாமா?

இந்த வாரம் வந்த கேள்விகளில் எனக்கு அதிகக் கவலை தந்தது இதுதான். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுள்ளென்று வலித்து, சில நொடிகளில் அடங்கினால் நரம்பு பெரும்பாலும் மீளக்கூடிய நிலையில் இருக்கிறது. நிமிடக்கணக்கில் நீடிக்கும் வலி, எதுவும் படாமலே வரும் வலி, படுத்ததும் விண்விண்ணென்று தெறிக்கும் வலி: இவை நரம்பு மீள முடியாத அளவுக்கு வீங்கியதன் அறிகுறிகள். அப்படி வலித்த பல் திடீரென அமைதியானால் உள்ளே நரம்பு செத்திருக்க வாய்ப்பு அதிகம். கிருமிகள் அங்கேயேதான் இருக்கின்றன. அவை வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டும்.

முன்பு வாங்கி மீந்த ஆன்டிபயாடிக்கை விழுங்குவதும் தீர்வல்ல. செத்த நரம்புக்கு ரத்த ஓட்டம் இல்லை, மருந்து அங்கே எப்படிப் போய்ச் சேரும்? வலி மாத்திரையை ஈறில் அடக்கி வைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆஸ்பிரின் அந்த இடத்துச் சதையைப் புண்ணாக்கிவிடும். முகமோ கழுத்தோ வீங்கி, காய்ச்சலுடன் வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

என் மகளுக்கு 6 வயது. பால் பல்லில் சொத்தை. எப்படியும் விழப்போகிற பல்தானே?

எல்லாப் பால் பல்லும் இப்போதே விழுவதில்லை அம்மா. முன்பற்கள் 6, 7 வயதில் விழும். பின்னால் இருக்கும் கடைவாய்ப் பால் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை. அத்தனை ஆண்டுகள் குழந்தை மென்று சாப்பிட அவைதான் வேண்டும். கீழிருந்து வரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பவையும் அவையே. சீக்கிரம் போனால் பற்கள் நெருக்கியடித்து முளைக்கும். பால் பல்லின் வேரில் சீழ் கட்டினால் கீழே வளரும் நிரந்தரப் பல்லின் எனாமலையும் கெடுக்கலாம்.

இன்னொன்றையும் பாருங்கள். 6 வயதுவாக்கில், எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் புதிதாக ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். பால் பல் என்று நினைத்துப் பெற்றோர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். அதன் ஆழமான வரிப்பள்ளங்களைச் சீலன்ட் பூசி மூடிவிட்டால் சொத்தை வருவது வெகுவாகக் குறையும். குழந்தைக்குத் துலக்கப் பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட் போதும் (3 வயதுக்குக் கீழே என்றால் அரிசி மணி அளவு). 7, 8 வயது வரை நீங்கள் கூட நின்று துலக்கிவிடுங்கள்.

ஸ்கேலிங் செய்தால் பல் தேய்ந்து ஆடத் தொடங்கும் என்கிறார்களே?

தேயாது. பல்லில் படியும் கிருமிப் படலம் உமிழ்நீரிலுள்ள தாதுக்களால் இறுகிக் காரையாகிறது. அதன்பின் எந்தப் பிரஷ்ஷாலும் போகாது. ஸ்கேலிங்கில் உடைத்து எடுப்பது அந்தக் காரையைத்தான். காரை போனதும் அது அடைத்திருந்த இடைவெளி வெளியே தெரிகிறது, வீங்கிய ஈறு சுருங்குகிறது, சில நாள் பல் கூசுகிறது. பல் ஆடுவதற்குக் காரணம், காரைக்கு அடியில் முன்பே கரைந்துபோன எலும்பு.

துலக்கும்போது ரத்தம் வருவது ஈறு வீக்கத்தின் முதல் அடையாளம். இந்தக் கட்டத்தில் முழுமையாகக் குணப்படுத்தலாம். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தில் பிரஷ் படாமல் ஒதுக்குவதுதான் தவறு. எலும்பு கரைந்துவிட்டால் மேலும் கரையாமல் தடுக்க முடியும். போனதை முழுதாக மீட்பது அரிது.

எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஈறுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறதா?

இரண்டு பக்கமும் இருக்கிறது. ரத்தச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் ஈறு நோய் தீவிரமாகும். ஈறில் நீடிக்கும் அழற்சி சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கும். நீங்கள் பல் மருத்துவரிடம் போகும்போது கடைசி எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) முடிவைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கர்ப்பக் காலத்தில் பல் சிகிச்சை கூடாதா?

செய்யலாம். தேவையான சிகிச்சையை எந்த மாதத்திலும் செய்யலாம். உட்கார வசதியானவை 4 முதல் 6 வரையிலான மாதங்கள். தொற்றை வளரவிடுவதுதான் ஆபத்து. கர்ப்பிணி என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும்?

6 மாதம் என்பது பொதுவான வழக்கம். எல்லாருக்கும் ஒரே கணக்கு பொருந்தாது. ஈறு நோய், சர்க்கரை, புகையிலைப் பழக்கம், வறண்ட வாய் உள்ளவர்கள் 3 மாதத்துக்கு ஒருமுறைகூட வர வேண்டியிருக்கும். ஆனால் 2 வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ வாயில் இருந்தால் அடுத்த முறைக்குக் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள். வாய்ப் புற்றுநோயும் தொடக்கத்தில் வலிக்காமல் இருக்கலாம்.

விளையாடும்போது மகனின் முன்பல் வேரோடு விழுந்துவிட்டால் என்ன செய்வது?

நிரந்தரப் பல் என்றால் அதன் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடியுங்கள். வேரைத் தொடவோ தேய்க்கவோ வேண்டாம். அழுக்கு இருந்தால் சில நொடி தண்ணீரில் அலசி, முடிந்தால் அதே குழியில் பொருத்தி, துணியை மெல்லக் கடிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு அரை மணி, அதிகம் போனால் ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் போய்விடுங்கள். பல்லைக் காயவிடக் கூடாது. விழுந்தது பால் பல் என்றால் திரும்பப் பொருத்தக் கூடாது, ஆனாலும் குழந்தையை அன்றே காட்டுங்கள்.