வாகெச்சூலாவுக்கு என்ன கொண்டுபோவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கணவரின் வேலைக்காக மெக்சிகோவின் புவெப்லா நகரில் இருக்கிறோம். அவருடன் பணிபுரிபவரின் அம்மா ஜூனில் தவறிவிட்டார். இறந்தோர் நாளுக்காக நவம்பர் 1 அன்று வாகெச்சூலா என்ற ஊரில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு அழைத்திருக்கிறார்கள், காலையிலேயே வந்து கூடமாட உதவலாமாம். என்ன வாங்கிப்போவது, எதில் கை வைக்கலாம்? நாங்கள் சைவம். இது நம்மூர்த் திதி மாதிரிதானா?

எஸ்., புவெப்லா

அன்புள்ள எஸ்.,

இறந்தவர்கள் தம் வீட்டுக்கு வந்துபோகிறார்கள் என்பது இந்த நாளின் நம்பிக்கை. திதியைவிட, ஊரிலிருந்து வரும் விருந்தாளிக்கு வீட்டைத் தயார்செய்வது என்று நினைத்துக்கொண்டால் எளிதாகப் புரியும். வருகிறவருக்குத் தாகம், அதற்குத் தண்ணீர். பசிக்குச் சாப்பாடு. வழி தெரியப் பூவும் புகையும் விளக்கும். ஆண்டுதோறும் வீட்டில் வைக்கும் படையலுக்குப் பெயர் ஒஃப்ரெண்டா. வாகெச்சூலாவில் அந்த ஆண்டு இறந்தவருக்கு மட்டும் கூரை தொடும் உயரத்தில் வெள்ளை சாட்டின் பீடம் எழும். கீழ்த்தட்டில் படையல், நடுவில் வானுலகம், உச்சியில் சிலுவை. அம்மாவின் படத்தைத் தேடாதீர்கள். அது கண்ணாடியில் பிம்பமாகத்தான் தெரியும். நேருக்கு நேர் பார்க்க முடியாதவராகிவிட்டார் அல்லவா. சாட்டினை மடித்துக் குத்துவது கைதேர்ந்தவர்கள் வேலை, அதில் கை வைக்காதீர்கள்.

நீங்கள் உதவ வேண்டியது பூவில். செம்பசூச்சில் என்பது நம் மாலைக்கடைத் துலுக்கச்சாமந்திதான், செடியின் பூர்வீகமே மெக்சிகோ. வாசலிலிருந்து பீடம் வரை அதன் இதழால் பாதை போடுவார்கள். முந்தின நாளே உதிர்த்துவைத்தால் இதழ் சுருண்டு மணம் போய்விடும், வழிகாட்டுவதே அந்த மணம்தான். பூவை வாளித் தண்ணீரில் நிறுத்தி, பாதை போடும் நேரத்துக்குச் சற்று முன் உதிருங்கள். பச்சைக் காம்புக்கிண்ணத்தைக் கிள்ளி எறிந்தால்தான் இதழ் தரையில் படியும். பாதை நடுவில் அறுபடக் கூடாது.

அடுத்து கொப்பால் என்கிற மரப்பிசின், அவர்களுடைய சாம்பிராணி. கரி முழுக்கச் சாம்பல் பூக்கும்வரை பொறுத்து, கொண்டைக்கடலை அளவு மட்டும் போடுங்கள். அவசரப்பட்டு அள்ளிப்போட்டால் கரும்புகை கிளம்பி வெள்ளைத் துணியில் படியும். மண் தூபக்காலின் அடியில் மணல் இல்லாவிட்டால் சூட்டில் விரிசல் விடும்.

கையில் கொண்டுபோக நீளமான மெழுகுவர்த்தி ஒன்றும் பூங்கொத்து ஒன்றும் போதும். அந்த ஆண்டு இறந்தவருக்கு வைக்கும் புதுப் படையலுக்கு வருபவர்கள் மெழுகுவர்த்தி கொண்டுவருவது அவ்வூர் வழக்கம். கொண்டுபோனதை நீங்களே பீடத்தில் வைக்காமல் வீட்டார் கையில் கொடுங்கள். மண்டையோட்டு முக அலங்காரம் வேண்டாம். அதெல்லாம் ஊர்வலத்துக்கு. தலைநகரின் பெரிய ஊர்வலமே ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்தைப் பார்த்து 2016இல் தொடங்கியதுதான்.

பீடத்துச் சாப்பாட்டைத் தொடாதீர்கள். படையலை எடுத்த பிறகு பங்கிடுவார்கள். வாசமும் ருசியும் போயிருக்கும், வந்தவர் சாப்பிட்டுவிட்டார் என்பார்கள். விருந்தினருக்குத் தனியே பரிமாறுவார்கள். சிக்கல் அங்கேதான்: மோலே என்கிற மிளகாய்க் குழம்பில் கோழியோ வான்கோழியோ இருக்கும், தமால் என்கிற மக்காச்சோள மாவுக் கொழுக்கட்டையில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், இனிப்புத் தமாலிலும்தான். இந்த நாளுக்கென்று செய்யும் ரொட்டியிலும் சில வீடுகளில் கொழுப்பு போடுவார்கள். புவெப்லாவில் அந்த ரொட்டியை ஓஹால்த்ரா என்பார்கள். அதில் முட்டையும் உண்டு. ஆகவே இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். தண்ணீரில் கரைத்த சாக்லேட் தைரியமாகக் குடிக்கலாம். நன்றாகப் பசித்த வயிற்றோடு போங்கள். அதே தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் புதுப் படையல் இருந்தால் அங்கேயும் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள், மெழுகுவர்த்தி கூடுதலாக இரண்டு இருக்கட்டும்.