ஸ்காபரோவில் ஒரு மரண வீட்டுக்குப் போய்ப் பாரும்

தம்பி, வேலை, வாடகை, சாரதி அனுமதிப்பத்திரம் பற்றிக் கேட்காமல் வேறொன்றைக் கேட்டிருந்தீர். ரொறன்ரோவில் உமது முதற்குளிர் இன்னும் முடியவில்லை. அதற்குள், "இங்குள்ள தமிழ் வாழ்க்கை எதுவும் மனதில் ஒட்டவில்லை. அரங்கேற்றமும் ஊர்வலமும் நாடகமாகத் தெரிகின்றன. கைபேசியில்தான் வாழ்கிறேன், அதுவும் ஊரில். அம்மாவுக்கு ஏதும் நடந்தால் என்ன செய்வேன்?" என்று எழுதியிருந்தீர். கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் சட்டம். உமது அகதிக் கோரிக்கை இன்னும் விசாரணையில் இருக்கிறது. இந்த நிலையில் இலங்கைக்குப் போனால் கோரிக்கையின் அடிப்படையே ஆட்டம் கண்டுவிடும். அது ஏற்கப்பட்டு நிரந்தர வதிவுரிமை கிடைத்த பிறகும் கவலை ஓயாது. தப்பி வந்த நாட்டின் பாதுகாப்பையே ஒருவர் மீண்டும் நாடினார் என்று தீர்மானித்தால், 2012 இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி அகதி நிலையோடு வதிவுரிமையும் பறிபோகலாம். குடியுரிமை பெற்றால்தான் அந்தப் பயம் விலகும். அதற்கு விண்ணப்பத்துக்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் இங்கே இருந்திருக்க வேண்டும். ஆகவே இடையில் எந்தச் செய்தி வந்தாலும், சட்டத்தரணியிடம் கேட்காமல் டிக்கெட் எடுக்க வேண்டாம்.

இது கொடுமைதான். தந்தைக்கு மூத்தவனும் தாய்க்கு இளையவனும் கொள்ளி வைக்க வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். 1983 க்குப் பிறகு வந்தவர்களில், அதைச் செய்யக் கிடைக்காத மகன்மாரைக் கூட்டினால் இந்த நகரில் எந்த மண்டபமும் போதாது. அவர்களுக்கு முதலில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது, பல வாரங்கள் கழித்துத் தபாலில் ஒரு வீடியோ கசெற் வந்தது. உமக்கு நேரலை இருக்கிறது. ஊரில் காலை பத்து மணிக்குக் கிரியை என்றால் கோடையில் இங்கே நள்ளிரவு கடந்து பன்னிரண்டரை, குளிர்காலத்தில் இரவு பதினொன்றரை. நீர் சொல்லும் கைபேசி வாழ்க்கையை நான் பழிக்க மாட்டேன். ஆனால் பாடை தூக்க ஆள் தேவைப்படும் இடத்தில் உமது கண் மட்டும் போய் நிற்கும்.

அதனால்தான் சொல்கிறேன், இங்கே நடக்கும் மரண வீடுகளுக்குப் போகத் தொடங்கும். நெருங்கியவராக இருக்க வேண்டியதில்லை. கூட வேலை செய்பவரின் மாமியார் போதும்.

போகுமுன் மரண அறிவித்தலை நிதானமாக வாசியும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், கிளிநொச்சியை வதிவிடமாகவும், கனடா ஸ்காபரோவை வசிப்பிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கும். பிறகு பிள்ளைகள், மருமக்கள், சகோதரர்கள், சகலன்மார் என்று நீளும் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு நாடு. லண்டன், பாரிஸ், சூரிச், ஒஸ்லோ. வதிவிடம் கிளிநொச்சி என்று கண்டால் யாழ்ப்பாணத்தை விட்டு சனம் வெளியேறிய 1995 இடப்பெயர்வு எனக்கு நினைவு வரும். பிள்ளைகளில் ஒருவர் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று இருந்தால் எந்த ஆண்டு என்று நாங்கள் கேட்பதில்லை. ஒரு குடும்பம் சிதறிய கதையை இவ்வளவு சிக்கனமாக எழுதிய வரலாற்றாசிரியர் எவரையும் நான் வாசித்ததில்லை.

மலர்ச்சாலையில் முதல் நாள் உடலைப் பார்வைக்கு வைப்பார்கள். மறுநாள் கிரியை, பிறகு தகனம். மண்டபம் மணிக்கணக்கில் எடுத்தது என்பதால் சுண்ணம் இடிக்கும்போது பாடும் சுண்ணப்பாட்டை ஐயர் சுருக்குவார். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். தகன அறையில் கொள்ளி வைப்பதற்குப் பதிலாக மகன் ஒரு பொத்தானை அமுக்குவான். புதிதாகப் பார்க்கிறவருக்கு இது அவமரியாதையாகப் படும். எனக்கு அப்படிப் படவில்லை, ஏனென்றால் அந்த அறையில் மகள்களும் நிற்கிறார்கள். ஊரில் படலையோடு நின்றுவிடும் பெண்கள் இங்கே கடைசிவரை வருகிறார்கள். அந்தப் பொத்தானில் ஒரு மகளின் விரலையும் கண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் கவனியும். ஊரில் சாதி முழு உருவோடு வந்து நிற்கும் இடம் சாவு வீடு. பறை அடிப்பவர் யார், வெள்ளை கட்டுபவர் யார், முற்றத்தில் யார் எதுவரை வரலாம் என்பதெல்லாம் எழுதாத சட்டம். இங்கே உடலைக் கழுவி உடுத்துபவர் கறுப்புக் கோட் அணிந்த ஒரு சம்பள ஊழியர், அவ்வளவுதான். சாதி போய்விட்டது என்று நான் சொல்ல வரவில்லை. கலியாணப் பேச்சு எடுத்துப் பாரும், அது கதவைத் தட்டாமலே உள்ளே வரும். ஆனாலும் சாவிலிருந்து அதன் பெரும் பகுதியை இந்த நாட்டுத் தொழில்முறை சத்தமில்லாமல் கழற்றிவிட்டது. எங்கள் கூட்டங்களும் தீர்மானங்களும் இதை இவ்வளவு விரைவில் செய்திருக்க மாட்டா.

அரங்கேற்றங்களைப் பற்றி நீர் சொன்னது பாதி சரி, விடுவோம். 31 ஆம் நாள் கையில் தரும் கல்வெட்டை, அதாவது இறந்தவரின் நினைவு நூலை, புரட்டிப் பாரும். முதற்பக்கத்தில் திதி வெண்பா இருக்கும். ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாம் நான்கடிக்குள் அடங்க வேண்டும், தளையும் தட்டக்கூடாது. பகல் முழுவதும் யாருடைய வரிக்கணக்கையோ பார்த்துவிட்டு வருகிற ஒருவர் இரவில் இருந்து அதைக் கட்டிக் கொடுக்கிறார். இயல் விருது வழங்கும் தமிழ் இலக்கியத் தோட்டம் 2001 முதல் இந்த நகரில் இயங்குகிறது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்துத் தமிழ் இருக்கைக்காகத் திரட்டிய நிதி 2021 இல் முப்பது லட்சம் டொலர் இலக்கை எட்டியது. எனக்கும் பெருமைதான். ஆனால் இங்கே சாதாரண சனம் உண்மையாக வாசிக்கும் புதுச் செய்யுள் கல்வெட்டில் இருப்பதுதான். பாதிக்கு மேல் சுமார் ரகம், இருக்கட்டும். இப்போது சிலர் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வெண்பா வாங்குகிறார்கள். தளை தட்டுவதைக்கூட மன்னிக்கலாம், எல்லாத் தாயும் ஒரே தாயாகிவிடுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அரசியலைப் பின்வரிசையில் தேநீரோடு இருந்து கேளும். 2009 மே 10 அன்று ஊரில் போரை நிறுத்தக் கோரிப் பிள்ளை வண்டிகளோடு கார்டினர் விரைவுச்சாலையில் ஏறி நின்றவர்களும், அன்று வீட்டில் இருந்து அவர்களை ஏசியவர்களும், ஒருகாலத்தில் வெவ்வேறு இயக்கங்களில் இருந்து ஒருவரை ஒருவர் கொல்லத் தேடியவர்களும் அங்கே அடுத்தடுத்த கதிரைகளில் இருப்பார்கள். மே 18 ஐத் தமிழின அழிப்பு நினைவு நாளாகக் கனடா நாடாளுமன்றம் 2022 இல் ஒருமனதாக ஏற்றது. அதற்கு உழைத்தவர்களை மதிக்கிறேன். ஊர்வலம் உமக்கு நாடகமாகத் தெரிவதும் எனக்கு விளங்குகிறது, அங்கே ஒருவரின் நிலைப்பாடுதான் முன்னுக்கு வரும். மரண வீட்டில்தான் அவருடைய தமையன் எங்கே, எப்படிப் போனான் என்று தெரியவரும். அதைக் கேட்ட பிறகு அடுத்த ஊர்வலத்துக்குப் போவதா இல்லையா என்பதை நீரே முடிவு செய்யும்.

இதில் சுயநலமான காரணம் ஒன்றும் உண்டு. ஊரில் உமது வீட்டில் கிரியை நடக்கும் அந்த இரவில், உமது நிலக்கீழ் அறைக்கு வந்து உம்மோடு இருந்து திரையைப் பார்க்க நான்கு பேர் வேண்டும். நீர் போன வீடுகளிலிருந்துதான் அவர்கள் வருவார்கள்.

கறுப்பு உடை கட்டாயம் இல்லை, குளிருக்கு நல்ல சப்பாத்துப் போடும். படம் எடுக்க வேண்டாம். தகனம் முடிந்த பிறகு சாப்பாட்டுக்கு நில்லும், கதை அங்கேதான் தொடங்கும்.

சாம்பல் பற்றியும் யாராவது உம்மிடம் கருத்துக் கேட்பார்கள், எங்கள் சனத்துக்கு அதில் தீராத வாதம். ஒன்ராறியோவில் குடியிருப்பில்லாத அரச நிலத்திலும், பேரேரிகள் உட்பட நீர்நிலைகளிலும் சாம்பல் தூவச் சட்டம் இடம் தருகிறது. நான் ஏரி போதும் என்கிறேன். மனைவி யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கடல்தான் என்கிறார். பிள்ளைகள் எந்த மாதத்தில் டிக்கெட் மலிவு என்று கேட்கிறார்கள்.