கதிரியக்கம் கலந்த பழைய இரும்பு: கேள்வி பதில்

கேள்வி: உருக்காலையில் இருக்கும் சூட்டுக்குக் கதிரியக்கம் அழிந்துவிடாதா?

பதில்: அழியாது. உலைச் சூடு அணுக்கருவை ஒன்றும் செய்யாது. எது எங்கே போய்ச் சேரும் என்பதை மட்டும் மாற்றும். பழைய இரும்போடு வந்துவிடும் கதிரியக்கப் பொருள்களில், கோபால்ட்-60 இரும்போடு இரும்பாகக் கலந்து கம்பிக்குள் போய்விடும். அமெரிசியம்-241 கசடில், அதாவது உருகிய இரும்பின் மேல் மிதக்கும் கழிவில், ஒதுங்கும். சீசியம்-137 ஆவியாகி, புகை வடிகட்டியில் தூசியாகப் படியும். 1998இல் ஸ்பெயினில் ஓர் உருக்காலையில் சீசியம் அடைத்த கதிரியக்க மூலம் (கதிர்வீச்சுக்காகக் கருவிகளில் வைக்கும் பொருள்) ஒன்று உருகிப்போனது. புகையோடு வெளியேறியதைப் பிரான்ஸ், இத்தாலி வரை காற்றில் அளந்தார்கள்.

கேள்வி: அப்படியானால் அணுமின் நிலையத்து இரும்பைத் திரும்பப் பயன்படுத்துவது ஆபத்துதானே?

பதில்: எனக்கு அதில் பயம் குறைவு. எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த சரக்கு, அளந்துதான் வெளியே விடுவார்கள். கோபால்ட்-60க்கும் சீசியம்-137க்கும் சர்வதேச அணுசக்தி முகமை சொல்லும் வரம்பு கிராமுக்கு 0.1 பெக்கரல் (நொடிக்கு ஓர் அணுக்கரு சிதைந்தால் ஒரு பெக்கரல்). மேலே ஒட்டிய அழுக்கைச் சுரண்டியோ அமிலத்தில் கழுவியோ எடுத்துவிடலாம். அணு உலையில் நியூட்ரான் துகள்கள் பட்டு உள்ளுக்குள்ளேயே கதிரியக்கம் ஏறிய உலோகத்தை அப்படிக் கழுவ முடியாது.

வினை வருவது, யாரும் தேடாத கதிரியக்க மூலங்களால். மெக்சிகோவின் சியுடாட் ஹுவாரெஸில் 1983இல் ஒரு பழைய புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவி இரும்புக்கடைக்குப் போனது. உள்ளே சுமார் 6,000 கோபால்ட் குருணைகள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் அளவு. அவை உருகிக் கட்டடக் கம்பியாகவும் மேசைக் காலாகவும் ஆயின. அடுத்த ஜனவரியில் கம்பி ஏற்றிய லாரி ஒன்று அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் அணு ஆய்வகத்துப் பக்கம் போனபோது அங்கிருந்த கதிரியக்கம் கண்டறியும் கருவி அலறியதால்தான் விஷயமே வெளியே வந்தது. தற்செயல்தான், வேறென்ன!

கேள்வி: எங்கள் ஆலை வாசலில் கண்டறியும் கருவி இருக்கிறது. போதுமா?

பதில்: போதாது. மூலம் ஈயக் கவசத்துக்குள் இருந்து, சுற்றிலும் டன் கணக்கில் இரும்பு கிடந்தால் மணி அடிக்காமலே போகலாம். லாரி மெதுவாக நகரட்டும். இரும்பை இறக்கும்போது இன்னொரு முறை பாருங்கள். ஒவ்வொரு உருக்கின் மாதிரியையும், முக்கியமாக வடிகட்டித் தூசியையும் அளந்துவிடுங்கள். அப்புறம், மணி அடித்த லாரியைத் திருப்பி மட்டும் அனுப்பாதீர்கள். அடுத்த ஆலைக்குத்தான் போகும். தனியே நிறுத்தி, ஆட்களை விலக்கி, கதிர்வீச்சு ஒழுங்குமுறை அமைப்புக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: கையுறை, முகமூடி போட்டால், இந்த மூலங்களிலிருந்து வரும், எதையும் ஊடுருவும் காமா கதிரைத் தடுக்குமா?

பதில்: தடுக்காது. தூசி உடலுக்குள் போகாமல் காக்கும், அவ்வளவே. காமாவுக்குத் தூரம்தான் மருந்து.

கேள்வி: பழைய இரும்பை வெட்டுகிற தொழிலாளிக்கு, இது கதிரியக்க மூலம் என்று பார்த்தவுடன் தெரியுமா?

பதில்: சில அறிகுறிகள் உண்டு. அளவுக்குப் பொருந்தாத கனம், தடித்த உருளை வடிவம், கதிரியக்க எச்சரிக்கையான மூவிதழ்க் குறி. பெயின்ட் உரிந்து குறி போயிருக்கலாம் என்பதால் கனத்தைத்தான் முதலில் நம்புவேன். சந்தேகம் வந்தால் வெட்டவே வேண்டாம். பிரேசிலின் கோயானியாவில் 1987இல் இப்படி ஒரு மூலத்தை உடைத்துப் பார்த்தார்கள். நீலமாக ஒளிர்ந்த சீசியம் தூளை வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். நான்கு பேர் இறந்தார்கள்.