அலாரம் அடித்த மறுநாள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மருத்துவக் கருவிகள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நான் எலக்ட்ரானிக்ஸ் இறுதியாண்டு மாணவன். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, அறுவைசிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. ஒவ்வொரு செக்கப் நெருங்கும்போதும் ஒரு வாரம் வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. சர்க்கரை நோயாளிகள் கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சாரைப் போல, நோய் திரும்பினால் அன்றைக்கே அலாரம் அடிக்கும் மணிக்கட்டுப் பட்டை ஒன்றை என் புராஜெக்டாகச் செய்ய ஆசை. ஏன் இதுவரை அப்படி ஒன்று வரவில்லை? எங்கிருந்து தொடங்கலாம்?

எம்.

அன்புள்ள எம்,

அம்மா நன்றாக இருக்கட்டும். அந்த ஒரு வாரத் தூக்கமின்மை பற்றிய வரியைத்தான் இரண்டு மூன்று முறை படித்தேன். என் பதிலும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வரும்.

முதலில் உங்கள் நேரடிக் கேள்வி. சர்க்கரை சென்சார் தேடும் பொருள் உடலில் கொட்டிக் கிடக்கிறது. தோலுக்கடியில் இருக்கும் துளித் திரவத்திலும் குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோடி கோடியாக உண்டு. புற்றுநோயின் தடயம் அப்படியில்லை. செத்து உடையும் செல்கள் தங்கள் டிஎன்ஏ துணுக்குகளை இரத்தத்தில் விடும். 10 மில்லி இரத்தத்தை ஒரு குழாயில் எடுத்தால், மரபணுவின் ஏதாவது ஓர் இடத்துக்கு அதில் சில ஆயிரம் பிரதிகள் இருக்கும்; பத்தாயிரம் இருந்தாலே அதிகம். அநேகமாக எல்லாம் நல்ல செல்களுடையவை. பத்தாயிரத்தில் ஒன்று கட்டியிலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழாயில் அது ஒன்று இருக்கலாம், இல்லாமலும் போகலாம். குழாயிலேயே இல்லாததை எவ்வளவு கூர்மையான சென்சாரும் பிடிக்காது. உங்கள் பட்டைக்குக் கிடைப்பதோ ஒரு சொட்டுக்கும் குறைவு. இதைச் சமாளிக்கத்தான் ஆய்வகங்கள் அறுவைசிகிச்சையில் எடுத்த கட்டியின் மரபணுவைப் படித்து, அதற்கே உரிய பல மாற்றங்களைப் பொறுக்கி, எல்லாவற்றையும் சேர்த்துத் தேடுகின்றன. சிக்னட்டேரா என்ற பரிசோதனை இப்படி 16 மாற்றங்களைத் தேடுகிறது. ஒன்று தப்பினால் இன்னொன்று அகப்படும்.

சரி, உடலுக்குள்ளேயே சென்சாரைப் புதைத்துவிட்டால்? சில வாரங்களில் உடல் அதைச் சுற்றி நார்த்திசுவால் ஒரு சுவர் எழுப்பிவிடும். அந்தச் சுவருக்குள் இருந்துகொண்டு வெளியே நடப்பதை அது சொல்ல வேண்டும்.

இதெல்லாம் என்றாவது ஒருநாள் தீரக்கூடிய பிரச்சினைகள். எனக்குக் கவலை வேறு. உங்கள் பட்டை வேலை செய்கிறது, அலாரமும் அடித்துவிட்டது. மறுநாள் காலை அம்மாவுக்கு மருத்துவர் என்ன செய்வார்?

சினைப்பைப் புற்றுநோயில் இந்தக் கேள்வியைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சிஏ-125 என்ற புரதம் இரத்தத்தில் ஏறினால் பெரும்பாலும் நோய் திரும்புகிறது என்று பொருள். உடலில் அறிகுறி தெரிவதற்குச் சில மாதங்கள் முன்பே ஏறிவிடும். ஏறியவுடன் கீமோ தொடங்கினால் நல்லதுதானே? 2010ல் லான்செட் மருத்துவ இதழில் அந்த ஆய்வு வந்தது. சிஏ-125 ஏறிய 529 பெண்களில் ஒரு பாதிக்கு உடனே சிகிச்சை. மறுபாதிக்கு அந்த அளவைச் சொல்லவே இல்லை, அறிகுறி வந்த பிறகுதான் சிகிச்சை. முதல் குழுவினர் கிட்டத்தட்ட ஐந்து மாதம் முன்னதாகவே கீமோவை ஆரம்பித்துவிட்டார்கள். முதல் குழுவில் பாதிப் பேர் 25.7 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள், இரண்டாவது குழுவில் பாதிப் பேர் 27.1 மாதத்துக்கு மேல். வித்தியாசம் இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். கீமோவின் அவஸ்தை மட்டும் முன்கூட்டியே வந்தது. அன்றைய மருந்துகளோடு நடந்த ஆய்வு இது. புது மருந்துகளோடு கணக்கு மாறலாம். ஆனாலும் கருவி செய்ய நினைக்கும் யாரும் இதைப் படிக்காமல் சால்டரிங் அயர்னைத் தொடக்கூடாது என்பேன்.

உங்கள் அம்மாவின் நோய்க்கும் இதுபோன்ற அனுபவம் உண்டு. எலும்பு ஸ்கேன், மார்பு எக்ஸ்ரே என்று அடிக்கடி எடுத்துத் தேடினால் ஆயுள் கூடுகிறதா என்று இத்தாலியில் செய்த இரண்டு ஆய்வுகள் 1994ல் வெளிவந்தன. இரண்டிலும் கூடவில்லை. இதை வைத்து செக்கப்பை விட்டுவிடாதீர்கள்! அதே மார்பகத்தில் திரும்பினாலோ, மறு மார்பகத்தில் புதிதாக வந்தாலோ, சீக்கிரம் கண்டால் வெட்டி எடுத்துக் குணமாக்க முடியும். ஆண்டுதோறும் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கச் சொல்வது அதற்காகத்தான். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜனான் தாக்தெவிரென் குழு 2023ல் வெளியிட்ட கருவி எனக்குப் பிடித்ததும் இதனால்தான். உள்ளாடையோடு பொருத்திக்கொள்ளும், தேன்கூடு வடிவ அல்ட்ராசவுண்ட் பேட்ச். தொடர்ந்து பரிசோதனை செய்துகொண்டும் நோய் முற்றிய நிலையில்தான் அவருடைய அத்தைக்குத் தெரிந்தது. ஆறு மாதத்தில் இறந்துவிட்டார். இரண்டு மேமோகிராம்களுக்கு இடையே வரும் கட்டிக்காக ஜனான் அதை யோசித்தார். கண்டுபிடித்தால் செய்வதற்கு ஒன்று இருக்கும் இடம் அது.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். உங்கள் பட்டை தினம் ஒரு முறை சோதிக்கிறது. நோயில்லாதவருக்கு 100க்கு 99 முறை சரியாகச் சொல்கிறது. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் 365 நாளில் மூன்று நான்கு பொய் அலாரம் அடிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்கேன், ஒரு பயாப்ஸி, ஒரு வாரத் தூக்கமின்மை.

பல ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு குழுவில் இருந்து ஒரு மாதிரிப் பட்டையைச் சோதித்தேன். மேலே சின்ன பச்சை விளக்கு. எல்லாம் சரி என்று சொல்வதற்கு. சிகிச்சை முடித்த ஒரு அம்மா அதைக் கட்டிக்கொண்டு, சற்று நேரத்தில் விளக்கை உள்பக்கமாகத் திருப்பிவிட்டார். "பச்சையா இருக்கான்னு பார்த்துக்கிட்டே இருக்கத் தோணுது" என்றார். அதற்கு முன், கொக்கியை மாட்டவே அவருக்கு வெகுநேரம் ஆனது. கீமோவில் விரல்நுனிகள் மரத்துப்போயிருந்தன. பட்டையை அவர் கட்டியது வலது கையில். இடது அக்குளில் நிணநீர்க்கணுக்களை எடுத்திருந்ததால் அந்தக் கையில் இறுக்கமாக எதையும் கட்டக் கூடாது என்று சொல்லியிருந்தார்களாம். நாங்கள் வரைந்த படங்கள் அத்தனையிலும் பட்டை இடது கையில்தான் இருந்தது.

சென்சாரே இல்லாமல் ஒன்று உண்டு. வலி, மூச்சிரைப்பு, சோர்வு என்று பன்னிரண்டு பொதுவான அறிகுறிகளை நோயாளியே கணினியில் பதிய, மோசமானால் நர்ஸுக்குத் தகவல் போகும். நோய் பரவிய 766 பேரிடம் இதைச் சோதித்த ஆய்வின் முடிவு 2017ல் வந்தது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் பாதிப் பேர் 26 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள்; பதிந்தவர்களில் பாதிப் பேர் 31.2 மாதத்துக்கு மேல். ஒரு காரணம் இதுவாக இருக்கலாம்: அந்தத் தகவலை எடுத்துக்கொண்டு உடனே ஏதாவது செய்ய மறுமுனையில் ஒருவர் இருந்தார். உங்கள் புராஜெக்டுக்கு இதுதான் நல்ல தொடக்கம் என்று நினைக்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் குறைவாக இருக்கிறதே என்று உங்கள் பேராசிரியர் முகம் சுளிக்கலாம். மரத்த விரலால் தட்டக்கூடிய, வாரம் ஒருமுறை மட்டும் கேட்கும், கேட்டதை யாரிடம் கொண்டு சேர்ப்பது என்று தெரிந்த கருவியை வடிவமைப்பது லேசான வேலை இல்லை.

அதற்கு முன் அம்மாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். எது தெரிந்தால் நன்றாக இருக்கும், எது தெரியாமல் இருந்தால் பரவாயில்லை, எத்தனை நாளைக்கு ஒருமுறை. அப்புறம் அவருடைய மருத்துவரிடம், எந்தத் தகவல் கிடைத்தால் நீங்கள் செய்வது மாறும் என்று. இரண்டு பதில்களையும் எனக்கு எழுதுங்கள். எந்தக் கை என்பதையும்.